ஏழு பேர் குரூப்பில் சம்பளம் பற்றிப் பேசினேன், வியாழக்கிழமை எனக்கு விசாரணை

சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருந்து எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பா கோவில் தமிழ் வகுப்பில் சனிக்கிழமைதோறும் பாடம் எடுத்தவர், அதனால்தான் எனக்கு இந்த அளவுக்காவது எழுத வருகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே சட்டம் தெரிந்தவர்களும் தொழிற்சங்கத்தில் இருந்தவர்களும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு ஒழுங்கு விசாரணை. இன்று திங்கள் இரவு.

தெற்குப் பக்கத் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் ஒன்பது வருடமாக டிஸ்பாட்ச் கிளார்க்காக இருக்கிறேன். லாரியில் ஏறும் பெட்டிகளை எண்ணி, சீட்டோடு ஒத்துப்பார்த்து, டிரைவரிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஒன்பது வருடத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்கியதில்லை.

எங்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. மொத்தம் ஏழு பேர். காலையில் ஒரே மினிபஸ் டாக்ஸியில் வருகிறவர்கள், யார் எந்த மூலையில் நிற்கிறோம், டாக்ஸி எங்கே வருகிறது என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தது. நான், பேக்கிங்கில் இருவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தம்பி, சரக்கு வாங்கும் பக்கத்தில் இருக்கிற அக்கா, லேபர் புரோக்கர், அதாவது கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் இடைத்தரகர், மூலம் வந்த ஒரு சின்னப் பெண், அப்புறம் துப்புரவு வேலை செய்கிற ஒரு சூலு அம்மா. அவரை நாங்கள் எல்லாரும் கோகோ என்றுதான் கூப்பிடுவோம், பாட்டி என்று அர்த்தம். மேலாளர்கள் யாரும் அதில் இல்லை. வெளியாட்களும் இல்லை.

2025 ஏப்ரல் 27, சுதந்திர தினம், ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதனால் 28 திங்கள் விடுமுறை. நாங்கள் அன்றைக்கு வேலைக்கு வந்தோம், சூப்பர்மார்க்கெட்டுகளுக்குச் சரக்கு போக வேண்டும் என்று கேட்டார்கள், சரி என்று வந்தோம். மே மாதச் சம்பளம் வந்தபோது மே 1ஆம் தேதிக்கு இரட்டைக் கூலி இருந்தது. ஏப்ரல் 28க்கு சாதாரணக் கூலிதான். சூப்பர்வைசரிடம் கேட்டேன். "விடுமுறை ஞாயிறோடு போச்சு, திங்கள் சாதாரண நாள்" என்றார்.

அன்று சாயங்காலம் கோகோ தன் பே ஸ்லிப்பைப் படம் பிடித்து குரூப்பில் போட்டு, "மகளே, இது சரியா என்று பார்" என்று என்னைக் கேட்டார். அவருக்கு அந்தக் கட்டங்கள் புரியாது. எப்போதும் என்னிடம்தான் கேட்பார். நான் எழுதிய பதில், தமிழில் சொன்னால் இதுதான்: "28 திங்கள் சட்டப்படி விடுமுறை. இரட்டைக் கூலி வர வேண்டும். எனக்கு மணிக்கு 34 ராண்ட், ஒன்பது மணி நேரம், 306 ராண்ட் குறைகிறது. உங்கள் எல்லாருக்கும் உங்கள் ஒரு நாள் கூலி குறைகிறது. பே ஸ்லிப்பைப் பத்திரமாக வையுங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். கோகோவுக்குக் குறைந்த காசைக் கணக்குப் போட்டபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வாய்ஸ் நோட்டில் மேலாளரைப் பெயர் சொல்லி, திருடன் என்றேன். அது தப்பு. அவர் திருடினார் என்பதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. கணக்கில் யார் பிழை விட்டார்கள் என்றுகூடத் தெரியாது.

நான்கு நாள் கழித்து வெள்ளிக்கிழமை என்னைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். ஹெச்ஆர் ஆளும் மேலாளரும் இருந்தார்கள். மேசையில் அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் எடுத்து வைக்கப்பட்டிருந்தது, வாய்ஸ் நோட்டும் அவர்களிடம் இருந்தது. "ஃபோனை மேசையில் வை, திற, குரூப்பைக் காட்டு" என்றார்கள். கை நடுங்கியது. திறந்து கொடுத்துவிட்டேன். ஹெச்ஆர் ஆள் குரூப்பைப் பார்த்து முடித்ததும் அதிலிருந்து வெளியே வந்து, மற்ற செய்திகளையும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். என் தங்கைக்கும் எனக்கும் நடந்த பேச்சைத் திறந்தார். அதில் என் மார்பகப் பரிசோதனை பற்றி எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டின் படமும் இருந்தது. அவர் படித்தார், மேலாளர் எட்டிப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இன்னும் என் வீட்டுக்காரரிடம் அந்த ஒரு பகுதியை மட்டும் சொல்லவில்லை.

குற்றச்சாட்டுகள் மூன்று: சமூக ஊடகத்தில் கம்பெனியின் பெயரைக் கெடுத்தது, ரகசியமான சம்பள விவரத்தை வெளியிட்டது, மேலாளரை அவமதித்தது. "வேலைநீக்கம் வரை போகலாம்" என்று கடிதத்தில் இருக்கிறது.

ஏழு பேர் தங்களுக்குள் பேசியது எப்படிச் சமூக ஊடகம் ஆகும்? அந்த ஸ்கிரீன்ஷாட்டை அவர்கள் வைத்துக்கொள்ளலாமா? வியாழக்கிழமை நான் என்ன பேச வேண்டும்? மகள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள், வீட்டில் என் சம்பளம்தான் நிலையானது.

---

பழைய ஷாப் ஸ்டீவர்ட் எழுதியது:

மகளே, முதலில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. மூன்று நாள் இருக்கிறது, அது போதும்.

நான் துணி தைக்கும் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் இருந்தவன், அதில் பதினாறு வருடம் ஷாப் ஸ்டீவர்ட், அதாவது வேலையிடத்தில் தொழிற்சங்கத்தின் பிரதிநிதி. எத்தனையோ பேருக்காக அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது குற்றச்சாட்டைப் படித்ததும் எனக்கு இரத்தம் கொதித்தது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 1997. அதில் 78ஆம் பிரிவு. தன் வேலை நிபந்தனைகளைப் பற்றிச் சக ஊழியரோடும், முதலாளியோடும், வேறு எவரோடும் பேச ஊழியருக்கு உரிமை உண்டு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. சம்பளம் வேலை நிபந்தனை இல்லாமல் வேறென்ன? அடுத்த பிரிவு, 79, அந்த உரிமையைப் பயன்படுத்தாதே என்று யாரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது, பயன்படுத்தியதற்காக யாருக்கும் கெடுதல் செய்யக் கூடாது என்கிறது. உன் கூலி உனக்கே ரகசியம் என்று எந்தக் கம்பெனியும் விதி போட முடியாது. கோகோ தன் சொந்தப் பே ஸ்லிப்பை உன்னிடம் காட்டினார், நீ உன் கூலியைச் சொன்னாய். யாருடைய ரகசியம் வெளியே போனது? இந்தக் கேள்வியை விசாரணையில் அப்படியே கேள்.

கணக்கிலும் நீ சொன்னதுதான் சரி. பொது விடுமுறைச் சட்டம் 1994: விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் அடுத்த திங்களும் விடுமுறை. வழக்கமாக வேலை இருக்கிற நாளில் விடுமுறை வந்து, ஒத்துக்கொண்டு வேலை செய்தால், குறைந்தது இரட்டைக் கூலி. சூப்பர்வைசர் சொன்னது தப்பு.

விசாரணைக்கு முன்னால் செய்ய வேண்டியது: ஒரு கடிதம் எழுது. உன் மீதான சான்றுகளின் நகல் முழுதும் வேண்டும் என்று கேள். வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட் போதாது, கோகோவின் கேள்வியிலிருந்து தொடங்கும் முழுப் பேச்சும் வேண்டும். கேள்வி இல்லாமல் பதிலை மட்டும் காட்டினால் நீ சும்மா கலகம் மூட்டியதுபோலத் தெரியும். கூட ஒரு சக ஊழியரையோ ஷாப் ஸ்டீவர்டையோ அழைத்துப்போக உனக்கு உரிமை உண்டு. தயாராக நேரம் போதாது என்றால் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

ஸ்கிரீன்ஷாட் பற்றிச் சொன்னால், அது தனிப்பட்ட குரூப். அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு அந்தரங்க உரிமை தருகிறது. அதை அவர்கள் தொடவே முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1973 ஜனவரியில் கொரனேஷன் செங்கல் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். ஒரு தொழிற்சாலையிலிருந்து அடுத்ததற்குப் பரவி, டர்பனில் பல்லாயிரம் பேர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அந்தக் காலத்தில் யார் கையில் ஃபோன் இருந்தது? பஸ் வரிசையிலும் தொழிற்சாலை வாசலிலும் ஒருவர் கூலியை ஒருவர் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். நீங்கள் டாக்ஸி குரூப்பில் செய்ததும் அதேதான்.

---

லெனேசியா அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் ஜோஹனஸ்பர்க் பக்கம் ஹெச்ஆரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவள் என்பதால் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல முடியும். 78ஆம் பிரிவு பற்றி அங்கிள் சொன்னது முழுக்கச் சரி, அதை நீ கெட்டியாகப் பிடித்துக்கொள். ஆனால் ஸ்கிரீன்ஷாட் பற்றி அவர் சொன்னதை நம்பி உள்ளே போகாதே, அடிபடுவாய்.

நம் நாட்டில் பேச்சை இடைமறிப்பதைத் தடுக்கும் சட்டம் ரிக்கா, 2002. கம்பெனி திருட்டுத்தனமாக உன் குரூப்புக்குள் நுழைந்திருந்தால் அது குற்றம். இங்கே நடந்தது அது இல்லை. பேச்சில் பங்குள்ள ஒருவர், ஏழு பேரில் ஒருவர், தன் ஃபோனில் வந்ததைக் கொடுத்திருக்கிறார். பேச்சில் பங்குள்ளவருக்கு அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே "இதைப் பார்க்கவே கூடாது" என்று வாதாடி நேரத்தை வீணாக்காதே.

முதலாளி-தொழிலாளி தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏ 2011இல் சொன்ன இரண்டு முடிவுகளை நாங்கள் பயிற்சியில் படித்தோம். ஒன்றில், இரண்டு ஊழியர்கள் முதலாளியையும் அவர் குடும்பத்தையும் பற்றி ஃபேஸ்புக்கில் தாழ்வாக எழுதியிருந்தார்கள். பக்கத்தை எவரும் பார்க்கும்படி திறந்தே வைத்திருந்தார்கள். அந்தரங்க உரிமையை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள் என்று சொல்லி, வேலைநீக்கம் சரி என்று தீர்ப்பானது. இன்னொன்றில், நிறுவனத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு ஊழியரின் சொந்த ஜிமெயிலுக்குள் போய்ப் படித்து, அதை வைத்து வேலையை விட்டு நீக்கினார். அந்தச் சான்றை ஏற்கவில்லை, நீக்கியது நியாயமில்லை என்றானது. கதவு திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா, பூட்டியிருந்தால் யார் எப்படித் திறந்தார்கள் என்றுதான் பார்க்கிறார்கள்.

உன் குரூப் பூட்டிய கதவு. இதை முதல் குற்றச்சாட்டுக்குப் பயன்படுத்து. பெயர் கெட வேண்டுமானால் வெளியே யாராவது கேட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர் யாராவது பார்த்தாரா, குரூப்பில் கம்பெனிக்கு வெளியே ஒரு ஆளாவது இருந்தாரா என்று கேள். அந்தப் பேச்சை ஏழு பேரைத் தாண்டி மேலே கொண்டுபோனது நீ இல்லை.

இப்போது அந்த ஃபோன் விஷயம். படித்தபோது வெட்கமாக இருந்தது, என் தொழிலைச் செய்கிற ஒருவர் இப்படிச் செய்தாரே என்று. குரூப்பைக் காட்டத்தான் நீ சம்மதித்தாய், அதுவும் பயந்துபோய். தங்கையோடு பேசியதைத் திறக்க யாரும் உன்னைக் கேட்கவில்லை. போப்பியா என்கிற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. தேதி, நேரம், அறையில் இருந்தவர்கள், அவர் எதைத் திறந்தார், படம் பிடித்தாரா இல்லையா, இதையெல்லாம் இன்றே எழுதி வை. விசாரணையில் பதிவு செய்யச் சொல். பிறகு தகவல் ஒழுங்காணையரிடம் புகார் கொடுக்கலாமா என்று நிதானமாக யோசிக்கலாம். இனி ஃபோனைக் கேட்டால், "எழுத்தில் கேளுங்கள், என் பிரதிநிதியோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னால் போதும். குரல் உயர்த்தவே வேண்டாம்.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் உனக்கு உண்மையான ஆபத்து. திருடன் என்று சொன்னது 78ஆம் பிரிவுக்குள் வராது. இங்கே எங்களிடம் எழுதியதுபோலவே அங்கேயும் சொல்லிவிடு. சொன்னேன், சான்று இல்லாமல் சொன்னேன், வருந்துகிறேன். முதல் இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்காதே, இதற்கு மட்டும் கேள். ஒன்பது வருடம் சுத்தமாக இருந்தவரை, ஒரு கோபச் சொல்லுக்கு, அதுவும் உடனே ஒத்துக்கொண்ட பிறகு நீக்கினால், அந்தத் தண்டனை சிசிஎம்ஏயில் நிற்பது கஷ்டம்.

எதையும் அழிக்காதே. அந்த வாய்ஸ் நோட்டையும்தான். இங்கே தமிழில் எழுதினால் யாருக்கும் புரியாது என்று நினைக்காதே, ஃபோனே மொழிபெயர்த்துக் காட்டும். கம்பெனி பெயர் சொல்லாமல் எழுதியிருக்கிறாய், அப்படியே இரு.

---

பழைய ஷாப் ஸ்டீவர்ட் எழுதியது:

லெனேசியாத் தங்கை சொல்வதை ஏற்கிறேன். நான் வேலையை விடும்போது எங்கள் தொழிற்சாலையில் நோட்டீஸ் போர்டுதான் இருந்தது, வாட்ஸாப் இல்லை. மகளே, ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் அவர் சொன்னபடி செய்.

---

பீட்டர்மரிட்ஸ்பர்க்காரன் எழுதியது:

அக்கா, ஒரே ஒரு விஷயம். விசாரணைக்கு முதல் நாள் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், நல்ல சான்றிதழ் தருகிறோம், பதிவில் ஒன்றும் இருக்காது" என்பார்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அப்பா காதுக்கு எட்டக் கூடாது என்ற வெட்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு சிசிஎம்ஏ போனால், "உன்னை யாரும் நீக்கவில்லையே, நீயேதானே போனாய்" என்ற கேள்விக்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சான்றிதழும் வரவில்லை.

நீக்கினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏயில் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. நீக்கியது நியாயமில்லை என்றால் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லலாம், இல்லாவிட்டால் 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு. கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள் அக்கா.

---

சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. இன்று மதியம் சூப்பர்வைசர் வந்து ராஜினாமா பற்றிப் "பெரிய மனசோடு" பேசினார். வியாழக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

சரக்கு வாங்கும் பக்கத்து அக்கா என் பிரதிநிதியாக வருகிறார். வேறு யாரும் வர ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது.

ஸ்கிரீன்ஷாட் கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது. பிரிண்டின் மேல் ஓரத்தில் பாட்டரி அளவும் நெட்வொர்க் பெயரும் இருக்கிறது, அந்த நெட்வொர்க் எங்களில் ஒருத்தியிடம்தான் உண்டு. லேபர் புரோக்கர் மூலம் வந்த அந்தச் சின்னப் பெண். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாய். நிரந்தரமாக்குகிறோம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நேற்றிலிருந்து அவள் டாக்ஸியில் ஏறவில்லை, வேறு வழியாக வருகிறாள். அவளிடம் கேட்கட்டுமா, விட்டுவிடட்டுமா?

---

லெனேசியா அக்கா எழுதியது:

விசாரணை முடியும்வரை கேட்காதே. நீ அன்பாகக் கேட்டாலும் சாட்சியை மிரட்டினாள் என்று நான்காவது குற்றச்சாட்டு வரும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

---

சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். முடிவு வர நாளாகிவிட்டது.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒருவரைத் தலைவராக வைத்திருந்தார்கள். வயதானவர், நிதானமாகக் கேட்டார். முழுப் பேச்சையும் படிக்கச் சொன்னேன். கோகோவின் கேள்வியிலிருந்து தொடங்கி அவர் சத்தமாகப் படித்தார். "மகளே, இது சரியா என்று பார்" என்ற இடத்தில் நிறுத்தி, கம்பெனி சார்பில் வந்தவரிடம், "அப்படியானால் கணக்கு சரியா, தப்பா?" என்று கேட்டார். அவர் அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்றார். தலைவர் எழுதிக்கொண்டார். 78ஆம் பிரிவை நான் அப்பாவின் தமிழ் வகுப்பில் குறள் ஒப்பிப்பதுபோல மனப்பாடம் செய்து போயிருந்தேன், ஒரு சொல் விடாமல் சொன்னேன். மற்ற நேரமெல்லாம் என் குரல் நடுங்கியது, அந்த இடத்தில் மட்டும் நடுங்கவில்லை.

ஃபோனைத் துருவியதைச் சொன்னபோது ஹெச்ஆர் ஆள் தலையைக் குனிந்துகொண்டார். என்ன படித்தார் என்று தலைவர் கேட்டார். உடல்நலம் பற்றிய என் சொந்த விஷயம் என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பதிவில் அது இருக்கிறது.

முதல் இரண்டு குற்றச்சாட்டும் நிரூபிக்கப்படவில்லை. மூன்றாவதற்கு எழுத்து எச்சரிக்கை, ஆறு மாதம் செல்லும். கையெழுத்துப் போட்டேன். மேலாளரிடம் நேரில் போய் அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். சரி என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஜூன் சம்பளத்தில் 306 ராண்ட் சேர்ந்து வந்தது. எனக்கு மட்டும் இல்லை, அன்றைக்கு வேலை செய்த எல்லாருக்கும். குரூப்பில் இல்லாதவர்களுக்கும்.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை. அன்று இரவு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆனால் இன்று காலை ஒரு புதுத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள், "சமூக ஊடகக் கொள்கை" என்று. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். ஐந்தாவது வரியில், சம்பளம் உட்பட நிறுவனத்தின் எந்த விஷயத்தையும் எந்தச் செயலியிலும் ஊழியர்கள் விவாதிக்கக் கூடாது என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் நான் ஜெயித்ததெல்லாம் போய்விடுமா?

---

பழைய ஷாப் ஸ்டீவர்ட் எழுதியது:

போகாது மகளே. சட்டம் கொடுத்த உரிமையை ஒரு தாளில் எழுதி வாங்கிவிட முடியாது. அந்த உரிமையைப் பயன்படுத்தாதே என்று கேட்பதையே 79 தடுக்கிறது என்று அன்றைக்கே சொன்னேன். ஆனாலும் சும்மா கையெழுத்துப் போடாதே.

---

லெனேசியா அக்கா எழுதியது:

தங்கச்சி, மறுத்தால் கீழ்ப்படியாமை என்பார்கள். கையெழுத்தின் பக்கத்தில் கையால் எழுது: "பெற்றுக்கொண்டேன். வேலை நிபந்தனைகளைப் பற்றிப் பேச 78ஆம் பிரிவு தரும் உரிமைக்கு உட்பட்டே ஐந்தாவது விதியை ஏற்கிறேன்." தேதி போடு, நகல் எடுத்துக்கொள். மற்ற விதிகள் நியாயமாகத்தான் இருக்கும், வாடிக்கையாளர் விவரம், இனவெறிப் பேச்சு, ஆளைத் தாக்கி எழுதுவது என்று. அவற்றில் சண்டை வேண்டாம். நான் இப்படிப்பட்ட கொள்கைகளை எழுதியவள். யாராவது ஒருவர் அந்த வரியை எதிர்த்து எழுதினால்தான் நாங்கள் மறுபடி வக்கீலிடம் காட்டுவோம்.

---

சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

வெள்ளிக்கிழமை அந்த வாசகத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். என் பின்னால் வரிசையில் கோகோ நின்றார். என் தாளைக் காட்டச் சொன்னார், அதைப் பார்த்து எழுத்து எழுத்தாக, நிதானமாக, தன் தாளிலும் எழுதினார். பத்து நிமிடம் ஆனது. பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஃபோர்க்லிஃப்ட் தம்பியும் அதையே எழுதினான்.

திங்கள் காலை அந்தச் சின்னப் பெண் எங்கள் டாக்ஸி மூலைக்கு வந்து, கொஞ்சம் தள்ளி நின்றாள். என் பக்கத்தில் இடம் இருந்தது, உட்காரச் சொன்னேன். இறங்கும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. இறங்கும்போது, ஜூன் சம்பளத்தில் அவளுக்கு மட்டும் அந்த ஒரு நாள் கூலி சேர்ந்து வரவில்லை என்றாள். புரோக்கர் மூலம் வந்தவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

அங்கிள், அக்கா, இதற்கு எங்கே போக வேண்டும்? பே ஸ்லிப்பைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

---

பழைய ஷாப் ஸ்டீவர்ட் எழுதியது:

தொழிலாளர் துறை ஆய்வாளரிடமும் போகலாம், சிசிஎம்ஏயிலும் கேட்கலாம். வர வேண்டிய கூலியைக் கேட்டு நேராக சிசிஎம்ஏக்குப் போக 2019இலிருந்து வழி இருக்கிறது, அதே 1997 சட்டத்தின் 73ஏ பிரிவு. புரோக்கர்தான் அவளுக்கு முதலாளி என்றாலும், விடுமுறைக் கூலி கொடுக்காவிட்டால் கம்பெனியும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேர் பெயரையும் போடச் சொல். அவளோடு நீயும் போ.